மறுமொழி: குவிமாடம் ஏந்தும் மூலைக்கு ஒரு சொல்

வணக்கம்.

சதுரத்தின் மேல் எழும் வட்டக் குவிமாடத்தை ஏந்தும் மூலைப் பகுதியான பென்டென்டிவ் (pendentive) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்வைக்கப்பட்ட ‘தொங்கு முக்கோணம்’ என்ற பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பென்டென்டிவ் என்ற சொல்லின் வேர் தொங்குவதைக் குறிப்பது சரிதான். ஆனால் கட்டடத்தில் அது எதிலிருந்தும் தொங்குவதில்லை, மேலே இருக்கும் அத்தனை பாரத்தையும் சுமக்கிறது.

ரோமின் புனித பேதுரு பேராலயத்தையே எடுத்துக்கொள்வோம். 1506-இல் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் அடிக்கல் நாட்டியபோது கட்டடக் கலைஞர் பிரமாந்தே போட்ட திட்டத்தின் உயிர்நாடி நான்கு பெருந்தூண்கள். சதுரத்தின் மூலைக்கு ஒன்றாக நிற்கும் அவற்றை நான்கு வளைவுகள் இணைக்கின்றன. மேலே வரவேண்டியதோ வட்டம். சதுரத்தின் மேல் வட்டத்தை வைத்தால் மூலைகளில் இடைவெளி விழும். அடுத்தடுத்த இரு வளைவுகளுக்கு நடுவே, கீழே கூராகத் தொடங்கி, போகப் போக அகன்று, உள்பக்கம் சாய்ந்து எழும் கோளத் துண்டுதான் அதை அடைக்கிறது. நான்கும் உச்சியில் விளிம்போடு விளிம்பு சேர, வட்டம் முழுமையாகிவிடுகிறது. அண்ணாந்து பார்த்தால் நான்கு நற்செய்தியாளர்களின் மொசைக் ஓவியங்கள் தெரியுமே, அந்த இடம்தான்.

பிரமாந்தே 1514-இல் இறந்தார். அப்புறம் ரஃபேல், இளைய சங்கல்லோ என்று கைமாறி, 1546-இல் சங்கல்லோவும் இறந்தபின் பொறுப்பு 71 வயது மைக்கலாஞ்சலோவிடம் வந்தது. திட்டம் எத்தனையோ தடவை மாறியது. தூண்களை மட்டும் மேலும் மேலும் தடிமனாக்கினார்களே தவிர, யாரும் இடம் மாற்றவில்லை. சுமார் 42 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தின் எடை இந்த மூலைகள் வழியாகத்தானே தூண்களில் இறங்குகிறது!

ஆகவே என் பரிந்துரை: மூலையேந்தி. இருக்கும் இடமும் செய்யும் வேலையும் சொல்லிலேயே வந்துவிடுகின்றன. மூலையின் குறுக்கே சிறு வளைவு போட்டுச் சமாளிக்கும் ஸ்குவிஞ்ச் வேறு. அதை ‘மூலைவளைவு’ என்றால் இரண்டும் குழம்பாது. பென்டென்டிவை ‘முக்கோணத் தாங்கி’ என்றால் அது வடிவத்தைச் சொல்கிறது, ஆனால் மூலையை விட்டுவிடுகிறது. கூரைச் சட்டங்களிலும் முக்கோணத் தாங்கிகள் உண்டு.

இந்த மூலைகளுக்கும் குவிமாடத்துக்கும் நடுவே நிற்கும் டிரம் (drum) என்பதற்கு ‘முரசு’ வேண்டாம். சன்னல்கள் வைத்த அந்த உருளைச் சுவருக்குக் ‘கழுத்து’ போதும். கோயில் விமானத்தில் சிகரத்துக்குக் கீழே உள்ள உறுப்பைக் கிரீவம், கழுத்து என்றுதான் சொல்கிறோம்.

கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் ஒன்று சொல்லுங்கள். குவிமாடம் கட்டும் கொத்தனார்களிடம் இந்த மூலைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் புழக்கத்தில் இருந்தால், என் சொல்லை விட்டுவிட்டு அதையே கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.