வாடகை வீட்டு சோபாவில் பேனா மை பட்டால்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து பர்னிச்சரோடு வாடகைக்கு வீடு எடுத்திருப்பவர்களுக்கு, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு இது. நாங்கள் வந்த மூன்றாவது மாதம் என் மகள் வெளிர் சாம்பல் நிறத் துணி சோபாவில் நீல பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கிவிட்டாள். பதறிப்போய் தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன், மெல்லிய கோடாக இருந்தது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசையுள்ளது, தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று கேளுங்கள். முதலில் சோபாவின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு வைத்து, துணியின் சாயம் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் வெள்ளைத் துணியில் கொஞ்சம் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்கவே வேண்டாம். துணியில் மை ஏற ஏற சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடுத்த மையையே திரும்பப் பூசுவீர்கள். பொறுமை வேண்டும், எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், அதனால் கடைசியில் பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்து ஒற்றி, பிறகு வெறும் நீரால் ஒற்றிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ மெழுகுவர்த்தியோ எரியக்கூடாது, பிளீச் பக்கமே போகாதீர்கள்.

சோபா லேபிளில் எஸ் என்று மட்டும் போட்டிருந்தால் தண்ணீர் படக்கூடாது, எக்ஸ் என்றால் வேக்யூம் மட்டும்தான், இரண்டுக்கும் ஆள் கூப்பிடுவது நல்லது. பவுண்டன் பேனா மை என்றால் கதை வேறு, அது நீரில் கரையும், உடனே குளிர்ந்த நீரால் ஒற்றினாலே பெரும்பகுதி வந்துவிடும். தோல் சோபாவிலும் பாலிஷ் போட்ட பழைய மர மேசையிலும் ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள். தோலின் நிறமே உரிந்துவிடும், ஷெல்லாக் பாலிஷ் கரைந்து வெள்ளைத் திட்டு விழும். மை போனாலும் அது மையைவிட மோசமாகத் தெரியும்.

அப்புறம் டெபாசிட். இங்கே ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது, வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் பாதுகாக்க வேண்டும். கறை போகவே இல்லை என்றாலும் பழைய சோபாவுக்குப் புது சோபா விலையைப் பிடிக்க முடியாது, அப்படிப் பிடித்தால் அந்தத் திட்டத்திலேயே இலவசமாக முறையிடலாம். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு மெத்தையையும் திருப்பிப் போட்டு போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நாங்கள் அப்படி எடுத்தபோதுதான், எங்களுக்கு முன்பிருந்தவர்கள் விட்டுப்போன காபிக் கறை இரண்டு தெரிந்தது.