ஓவர்டிராஃப்ட் அபராதம்: ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் (சிறு தொகை வழக்குகளுக்கானது) போனால் திரும்பக் கிடைக்குமா? (இங்கிலாந்து)

கேள்வி (செப்டம்பர் 2021):
வணக்கம். 2016, 17-ல் எனக்கு வேலை இல்லை. கணக்கில் பணம் இல்லாமல் டைரக்ட் டெபிட் (பில் பணம் தானாகப் போகும் ஏற்பாடு) திரும்பும்போதெல்லாம் வங்கி அபராதம் போட்டது. அந்த அபராதமே அடுத்த மாதமும் கணக்கை மைனஸில் (ஓவர்டிராஃப்ட்) தள்ளியது. மொத்தம் 480 பவுண்ட். கேஸ் போட்டாலே வங்கி பயந்து கொடுத்துவிடும் என்று நண்பர் ஒரு மாதிரிக் கடிதம் தந்தார். வங்கிக்கு ஆன செலவைவிட அபராதம் அதிகம், அதனால் செல்லாது என்பதுதான் அதன் வாதம். அனுப்பலாமா?

பதில் 1:
வேண்டாம். 2006, 07-ல் அந்தக் கடிதம் பலருக்குப் பணம் வாங்கித் தந்தது உண்மைதான். ஆனால் 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி, தொகை அதிகம் என்பதை வைத்து அவற்றின் நியாயத்தை ஆராய முடியாது என்று சொல்லிவிட்டது. கடிதம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது!

உங்கள் பலம் வேறு. பணக்கஷ்டத்தில் இருந்த வாடிக்கையாளரை வங்கி பரிவோடு நடத்தியிருக்க வேண்டும். அபராதத்தால் அபராதம் பெருகியதை ஸ்டேட்மென்ட்டோடு காட்டி, முதலில் வங்கியிடம் புகார் கொடுங்கள். பழைய ஸ்டேட்மென்ட் இல்லையா? உங்களைப் பற்றிய தகவல்களைக் கேட்டு எழுதுங்கள், இலவசமாகத் தர வேண்டும். எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டாலோ, வந்த முடிவு திருப்தி இல்லாவிட்டாலோ நிதி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்பு) போகலாம். அதுவும் இலவசம். வங்கியின் இறுதிப் பதில் வந்தால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்போ கோர்ட்டே வேண்டாமா?

பதில் 2:
கதவு மூடவில்லை. ஆம்புட்ஸ்மேன் முடிவை நீங்கள் ஏற்றால்தான் அது இரு தரப்பையும் கட்டும். ஏற்காவிட்டால் வழக்குப் போடலாம். உங்கள் தொகைக்குக் கோர்ட் கட்டணம் 50 பவுண்ட். தோற்றாலும் வங்கி வக்கீலின் செலவு பொதுவாக உங்கள் தலையில் விழாது. ஆனால் வழக்குக்கு ஆறு வருடக் கெடு உண்டு, ஆம்புட்ஸ்மேன் விசாரிக்கிறார் என்பதற்காக அது நிற்காது. 2016 ஜனவரியில் பிடித்த அபராதத்துக்கு வரும் 2022 ஜனவரியோடு சரி. புகாரை இந்த வாரமே அனுப்புங்கள்.