"உன் தப்பு இல்லைப்பா" என்று சொன்னதெல்லாம் ஆறுதலா?

விதி, சுயவிருப்பம் என்று பேச்சு வந்தாலே எனக்கு அப்பாவின் லாரிதான் நினைவுக்கு வரும்.

1998. அப்பா செங்கல் லோடு ஏற்றிக்கொண்டு விழுப்புரம் தாண்டி வந்துகொண்டிருந்தார். நின்றிருந்த ஒரு பஸ்ஸுக்கு முன்னாலிருந்து சைக்கிளில் ஒரு பெரியவர் சட்டென்று ரோட்டுக்குள் வந்துவிட்டார். பிரேக்கை மிதித்தும் லோடு வண்டி உடனே நிற்குமா? சைக்கிள் கேரியரில் ரேஷன் அரிசிப் பை இருந்திருக்கிறது. ரோடெல்லாம் அரிசி. "அண்ணே, ஊர் கூடுறதுக்குள்ள கிளம்பிடலாம்ணே" என்று கிளீனர் பையன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அப்பா போகவில்லை. பெரியவரைத் தூக்கி ஒரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, போலீஸ் வரும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த அரிசியை அள்ளிக்கொண்டிருந்தாராம். பெரியவர் வழியிலேயே இறந்துவிட்டார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதிக்கொடுத்தார். கவனக்குறைவால் சாவு ஏற்படுத்தியதாகப் போட்ட 304ஏ வழக்கு நான்கு வருடம் நடந்து விடுதலை ஆயிற்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான்: "உன் தப்பு இல்லைப்பா. அவரு விதி முடிஞ்சுது." அப்பாவுக்கு அதுதான் பொறுக்காது. "விதின்னா ஸ்டியரிங் ஏன் என் கையில இருந்துச்சு?" என்பார். அதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

அப்புறம் கல்லூரியில் தத்துவம் படிக்கும்போது பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976-இல் எழுதிய கட்டுரை ஒன்று கைக்கு வந்தது. அதிலும் ஒரு லாரி டிரைவர்தான்! அவர்மேல் எந்தத் தவறும் இல்லை, ஆனால் வண்டியில் ஒரு குழந்தை அடிபட்டுவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவரின் வருத்தமும் ஓட்டியவரின் வருத்தமும் ஒன்றல்ல என்கிறார் வில்லியம்ஸ். ஓட்டியவருக்கு நாம் ஆறுதல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் அந்த ஆறுதலை உடனே வாங்கிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டால், அவரைப் பற்றி நமக்கே ஒரு நெருடல் வரும். லைப்ரரியில் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பாவைத் தேற்றுவதாக நினைத்து, அவருக்கு மட்டுமே சொந்தமான ஒன்றை நாங்கள் இத்தனை வருடமாகப் பிடுங்கப் பார்த்திருக்கிறோம்.

கணியன் பூங்குன்றனாரின் பாட்டு நமக்கெல்லாம் தெரியும். ஆற்று நீரின் போக்கில் போகும் தெப்பம்போல உயிர் முறைவழிப் போகிறது, அதனால் "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்கிறார். எவ்வளவு பெரிய மனசு! ஆனால் வியப்பதும் இகழ்வதும் அடுத்தவரை. தெப்பத்தில் இருப்பவன் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைப் பாட்டு சொல்லவில்லை. என் அப்பாவுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அன்றைக்கு ஏன் ஓடவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ஓட முடியலடா, அவ்வளவுதான்" என்றார். வேறு மாதிரி செய்ய முடியாதவனைப் பாராட்டுவதில் பொருளில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவருக்கு முடியாமல் போனதே அந்த ஒன்றுதான். அவரிடம் நான் வியப்பதும் அதைத்தான்.

வருடம் தவறாமல் அதே மாதம் ஒரு சிப்பம் அரிசியோடு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகிறார். முதல் இரண்டு வருடம் அந்தம்மா கதவையே திறக்கவில்லை.

*

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும், ஒரு அம்மாவாக நானும் எழுத வேண்டும்போல இருந்தது. என் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்றிருக்கும் நிலை, இருப்பது போன வருடம்தான் தெரிந்தது. "அவன் வேண்டுமென்று செய்யவில்லை, மூளை அப்படி" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து திட்டுவதை அடியோடு விட்டேன். அதுவரை அடித்ததற்கெல்லாம் அழுதேன்.

ஒரு நாள் சின்னவள் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தாள், கத்தினேன். அடுத்த வாரம் அவன் உடைத்தான். ஒன்றும் பேசாமல் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன். பக்கத்திலேயே நின்றவன், "பாப்பாவ மட்டும் திட்டுற. என்னைத் திட்டக்கூட மாட்டியாம்மா?" என்றான். கையில் துடைப்பத்தோடு நின்றுவிட்டேன்.

பி.எஃப். ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1962-இல் சொன்னது இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கோபம், நன்றி, மன்னிப்பு எல்லாம் மனிதருக்கு மனிதர் இருக்கிற உறவு. ஒருவரைச் சிகிச்சைக்கும் கண்காணிப்புக்கும் உரியவராக மட்டும் பார்க்கத் தொடங்கினால் அந்த உறவிலிருந்து அவரை வெளியே நிறுத்திவிடுகிறோம். எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று நாளைக்கே நிரூபணம் ஆனாலும் நாம் அப்படி வாழ மாட்டோம் என்பது அவர் வாதம். எனக்கு அதை என் பிள்ளை சொல்லித்தந்தான்.

அதற்காகப் பழையபடி அடிக்கப் போவதில்லை. எவ்வளவு திட்டலாம், எதற்குத் திட்டக்கூடாது என்று தினம் தினம் தடுமாறுகிறேன். நேற்று டிபன் பாக்ஸை மறுபடி தொலைத்துவிட்டு வந்தான், இந்த மாதத்தில் மூன்றாவது. நன்றாகத் திட்டினேன். "சாரிம்மா, நாளைக்குத் தேடிப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே சாப்பிட உட்கார்ந்தான்.