மாதக் கடைசியில் மட்டும் இன்வாய்ஸ் இரண்டாக விழுகிறது, சில ஆர்டருக்கு விழுவதே இல்லை: இன்டக்ரேஷன் பிளாட்ஃபார்ம் வாங்குவதா, இருப்பதைச் சரிசெய்வதா?

இணைப்புத்தலை (கேள்வி):

வணக்கம். ஆர்டர் எடுக்கும் அப்ளிகேஷன், கிடங்கு, இஆர்பி (கணக்கும் பில்லிங்கும் நடக்கும் நிறுவன மென்பொருள்), வாடிக்கையாளர் விவரம், பேமென்ட், ரிப்போர்ட்டிங் என்று ஆறு சிஸ்டம் ஓடுகிறது. டெக்னாலஜி மேனேஜர் என்பதால் ஆறுக்கும் நடுவில் எது உடைந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். ஆர்டர் அப்ளிகேஷன் மட்டும் நாங்கள் எழுதியது, ஜாவாவும் போஸ்ட்கிரெஸும். சரக்கு கிளம்பியதும் அது தன் டேட்டாபேஸில் நிலையை மாற்றிவிட்டு காஃப்காவில் ஒரு மெசேஜ் போடும் (சிஸ்டங்களுக்கு நடுவே மெசேஜ்களை வரிசையில் வைத்துத் தரும் மென்பொருள் அது), அவற்றைப் படிக்கும் கன்சூமர் என்ற புரோகிராம் அதை எடுத்து இஆர்பியின் ஏபிஐயை (வெளி புரோகிராம்களுக்கான வாசல்) கூப்பிட்டு இன்வாய்ஸ் போடும். அவ்வளவுதான் கதை.

மாதம் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. கடைசி சில நாட்களில் மட்டும் ஒரே ஆர்டருக்கு இரண்டு இன்வாய்ஸ் விழுகிறது. இன்னொரு பக்கம், எப்போதாவது ஒரு ஆர்டர் கிளம்பிப் போயிருக்கும், இன்வாய்ஸே இருக்காது, வாடிக்கையாளர் கேட்டால்தான் தெரியவரும். காஃப்காவில் எக்ஸாக்ட்லி ஒன்ஸ் (ஒரு மெசேஜ் சரியாக ஒரே ஒரு தடவை) போட்டிருக்கிறோம், அதனால் டூப்ளிகேட் வர வாய்ப்பே இல்லை என்கிறது டீம்.

இதற்கு நடுவில் மேலிடத்தில் ஒரு வெண்டர் வந்து, இருக்கும் எல்லா இணைப்புகளையும் தங்கள் இன்டக்ரேஷன் பிளாட்ஃபார்முக்கு (சிஸ்டங்களை இணைக்கும் பொது மென்பொருள்) மாற்றினால் பிரச்சினை போய்விடும் என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார். டீமில் பாதிப்பேர் ஆர்டர் அப்ளிகேஷனை மைக்ரோசர்வீஸாக (தனித்தனியாக ஓடும் சின்னச் சின்னப் புரோகிராம்களாக) உடைக்கச் சொல்கிறார்கள். எதற்குத் தலையாட்டுவது?

வரிசைக்காரன்:

வாங்குவது, உடைப்பது இரண்டையும் ஓரமாக வையுங்கள், முதலில் நோய் என்னவென்று பார்ப்போம். எக்ஸாக்ட்லி ஒன்ஸ் என்ற வாக்குறுதி 2017-இல் 0.11 பதிப்போடு வந்தது, அது காஃப்காவுக்குள் மட்டும்தான் செல்லும்: ஒரு டாபிக்கில் (காஃப்காவின் மெசேஜ் வரிசை) படித்து இன்னொரு டாபிக்கில் எழுதும் வரை. நடுவில் இஆர்பிக்கு ஒரு எச்டிடிபி அழைப்பு போகிறது என்றால் அந்த வாசலோடு வாக்குறுதி முடிந்தது. உங்கள் டீம் சொல்வது தவறில்லை, ஆனால் அது வேறு இடத்துக்கான பதில்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். கன்சூமர் எப்போது கமிட் செய்கிறது (இதுவரை முடித்தாயிற்று என்று காஃப்காவில் குறிக்கிறது), ஒவ்வொரு மெசேஜுக்கா, ஒரு தடவை எடுத்த மொத்த பேட்ச் முடிந்ததுமா? மாதக் கடைசியில் இஆர்பி ஒரு இன்வாய்ஸ் போட எவ்வளவு நேரம் எடுக்கிறது? டூப்ளிகேட் ஆனவை பார்ட்டிஷன் (டாபிக்கின் ஒரு பிரிவு) வாரியாகப் பார்த்தால் அடுத்தடுத்துக் கொத்தாக இருக்கின்றனவா, அங்கொன்றும் இங்கொன்றுமாகவா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கொத்தாக இருந்தால் ஒரு காரணம், உதிரியாக இருந்தால் வேறு காரணம்.

இணைப்புத்தலை:

பார்த்துவிட்டேன். கமிட் பேட்ச் முடிந்த பிறகு. இஆர்பி சாதாரண நாளில் 0.2 விநாடி, மாதக் கடைசியில் 1 விநாடியைத் தாண்டுகிறது, கணக்கு மூடும் வேலைகள் அப்போதுதான் ஓடும். டூப்ளிகேட்டில் பெரும்பகுதி கொத்துக் கொத்தாக, ஆனால் சில உதிரியும் இருக்கின்றன. கன்சூமர் லாக்கில் "கமிட் ஃபெயில்டு எக்ஸெப்ஷன்" அந்த நாட்களில் நிறைய. கன்சூமர் உயிரோடுதான் இருக்கிறது, டாஷ்போர்டில் பச்சை.

வரிசைக்காரன்:

அப்படியானால் இரண்டு நோய். கொத்தாக வருவதை முதலில் சொல்கிறேன்.

காஃப்கா கன்சூமர் ஒரு தடவை "போல்" செய்தால், அதாவது புது மெசேஜ் கேட்டு எடுத்தால், இயல்பாக 500 மெசேஜ் வரை எடுத்துக்கொள்ளும், மேக்ஸ்.போல்.ரெக்கார்ட்ஸ் என்ற செட்டிங். அடுத்த போல் 5 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும், அது மேக்ஸ்.போல்.இன்டர்வல்.எம்எஸ், இயல்பு மதிப்பு 3,00,000 மில்லிவிநாடி. 500 மெசேஜை 300 விநாடியில் முடிக்க வேண்டும் என்றால் ஒன்றுக்கு 0.6 விநாடி. உங்கள் 0.2-இல் பேட்ச் 100 விநாடியில் முடிகிறது, 1 விநாடி ஆனால் 500 விநாடி. கெடு தாண்டியதும் அந்த கன்சூமர் தன் குரூப்பிலிருந்து (வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கன்சூமர்கள்) வெளியேறியதாகக் கணக்கு, அதன் பார்ட்டிஷன் இன்னொரு கன்சூமருக்குப் போகிறது, கமிட் ஆகாததால் பழைய இடத்திலிருந்தே அது மறுபடி படிக்கிறது. இதில் வேடிக்கை, முதல் கன்சூமர் இன்னும் தன் கையில் இருப்பதைப் போட்டுக்கொண்டே இருக்கிறது, தன்னை வெளியே தள்ளியது அதற்குக் கமிட் செய்யப் போகும்போதுதான் தெரியும். "உயிரோடிருக்கிறேன்" என்று சொல்லும் ஹார்ட்பீட் சிக்னல் தனி திரெட்டில் போவதால் பிராசஸைப் பார்க்கிறவருக்கு எல்லாம் நலமாகவே தெரியும்.

இன்றைக்கே செய்யலாம்: மேக்ஸ்.போல்.ரெக்கார்ட்ஸை 50 ஆக்குங்கள். இது வலியைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது.

உதிரியாக வருபவை பெரும்பாலும் டைம்அவுட். நீங்கள் கூப்பிட்டீர்கள், இஆர்பி இன்வாய்ஸைப் போட்டுவிட்டது, பதில் திரும்பும் முன் உங்கள் பக்கம் டைம்அவுட் ஆகி மறுபடி கூப்பிட்டிருக்கும். டைம்அவுட் என்றால் தோல்வி என்று கோடில் எங்கோ எழுதியிருப்பார்கள், தேடிப் பாருங்கள். டைம்அவுட் என்றால் "தெரியாது", அவ்வளவுதான்.

மூன்றாம் ஷிஃப்ட்:

பார்ட்டிஷனைக் கூட்டிவிட்டு நாலு கன்சூமரைச் சேர்த்து விடுங்களேன், வேகமாக முடியும், கெடு தாண்டாது.

வரிசைக்காரன்:

@மூன்றாம் ஷிஃப்ட் வேண்டாம், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். மெசேஜின் கீயை வைத்து ஹேஷ் (ஒரு கணக்கு) போட்டுத்தான் பார்ட்டிஷன் தீர்மானமாகிறது, எண்ணிக்கையை மாற்றினால் ஒரே ஆர்டரின் பழைய மெசேஜ் ஒரு பார்ட்டிஷனிலும் புதியது வேறொன்றிலும் போய் உட்காரும். வரிசை காப்பது பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான், அப்புறம் ரத்து செய்த மெசேஜ் முதலில் வந்து அனுப்பிய மெசேஜ் பின்னால் வரும். தவிர, மூச்சுத் திணறுவது இஆர்பி. அதன் மேல் இன்னும் நாலு பேரை ஏற்றினால் 1 விநாடி 3 விநாடி ஆகும்.

பழைய கோடு:

காணாமல் போகும் ஆர்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே. "டேட்டாபேஸில் நிலையை மாற்றிவிட்டு காஃப்காவில் ஒரு மெசேஜ் போடும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த "விட்டு"வில்தான் ஓட்டை. டேட்டாபேஸ் கமிட் ஆனது, அடுத்த நொடி பிராசஸ் விழுந்தது, அல்லது புது வெர்ஷன் ஏற்றும்போது கொன்றுவிட்டார்கள், மெசேஜ் போகவில்லை. வரிசையை மாற்றினாலும் தீராது: மெசேஜ் போய்விடும், டேட்டாபேஸ் ரோல்பேக் ஆகி மாற்றம் நீங்கிவிடும், இல்லாத ஆர்டருக்கு இன்வாய்ஸ் விழும்.

இதற்கு அவுட்பாக்ஸ் போடுங்கள். ஆர்டர் நிலையை மாற்றும் அதே டிரான்சாக்ஷனில், அதே டேட்டாபேஸில் இன்னொரு டேபிளில் "இந்த மெசேஜ் போக வேண்டும்" என்று ஒரு ரோ. இரண்டும் சேர்ந்து நிற்கும் அல்லது சேர்ந்து விழும். அந்த டேபிளிலிருந்து காஃப்காவுக்குத் தள்ளுவது தனி வேலை, டெபீசியம் என்ற மென்பொருள் போஸ்ட்கிரெஸின் லாக்கைப் படித்தே தள்ளிவிடும், அது பெரிதாகத் தோன்றினால் டேபிளை அவ்வப்போது பார்க்கும் ஒரு சின்ன போலர் போதும்.

போலர் எழுதினால் ஒன்று கவனியுங்கள், நிறையப் பேர் இதில் விழுகிறார்கள். "கடைசியாக அனுப்பிய ஐடி 100, அதற்கு மேல் உள்ளதை எடு" என்று எழுதாதீர்கள். சீக்வன்ஸ் எண் கொடுக்கும் வரிசை வேறு, கமிட் ஆகும் வரிசை வேறு. 102 முதலில் கமிட் ஆகிவிடும், போலர் அதை எடுத்துக்கொண்டு முன்னே போய்விடும், 101 அப்புறம்தான் கமிட் ஆகும், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அனுப்பியாயிற்றா இல்லையா என்று ரோவிலேயே ஒரு கொடி வையுங்கள்.

இன்னொன்று, அவுட்பாக்ஸும் சில நேரம் ஒரே மெசேஜை இரண்டு தடவை தள்ளும். தள்ளிவிட்டுக் கொடியை மாற்றும் முன் விழுந்தால் அப்படித்தான். ஆக, வாங்குகிற பக்கம் டூப்ளிகேட்டைத் தடுக்காமல் எந்த வழியும் இல்லை.

இணைப்புத்தலை:

புரிகிறது. வாங்குகிற பக்கம் எப்படித் தடுப்பது? இஆர்பி நாங்கள் எழுதியதல்ல, அதன் டேபிளில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுக்கும் விதி) போடவெல்லாம் கை வைக்க முடியாது. மெசேஜ் ஐடியை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த ஐடி மறுபடி வந்தால் தள்ளிவிடலாமா?

கணக்குப் பக்கம்:

மெசேஜ் ஐடி வேண்டாம். ஆர்டர் அப்ளிகேஷனில் யாராவது "மறுபடி அனுப்பு" பட்டனை அழுத்தினால் புது ஐடியோடு வரும், உங்கள் தடுப்பு அதைப் புது விருந்தாளி என்று உள்ளே விட்டுவிடும். வியாபாரத்தில் எது ஒன்றுதானோ அதைச் சாவியாக வையுங்கள். ஆனால் ஆர்டர் எண்ணை மட்டும் வைத்தால் வேறு தலைவலி: ஒரு ஆர்டர் இரண்டு தவணையாகக் கிளம்பினால் நியாயமாகவே இரண்டு இன்வாய்ஸ் வேண்டும், இரண்டாவதை நீங்கள் விழுங்கிவிடுவீர்கள். ஆர்டர் எண்ணும் டெஸ்பாட்ச் எண்ணும் சேர்ந்ததுதான் சாவி. இதை டெவலப்பர்களோடு மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள், பில்லிங் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இஆர்பியின் டேபிளைத் தொட வேண்டாம், அதற்கு முன்னால் உங்கள் சொந்த டேபிள் ஒன்று. சாவி, நிலை, நேரம். சாவிக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட். "இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சேர்" என்று இரண்டு படியாக எழுதினால், மேலே சொன்னபடி இரண்டு கன்சூமர் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று படிக்கும். நேராக இன்சர்ட் செய்யுங்கள், முந்தியவர் போகட்டும், மற்றவருக்கு டேட்டாபேஸே பிழை கொடுக்கும். நிலை "தொடங்கியது" என்று நின்று முடிவு தெரியாமல் இருந்தால், மறுபடி அனுப்பும் முன் இஆர்பியிடம் அந்தச் சாவியைச் சொல்லிக் கேளுங்கள். வெளி ரெஃபரன்ஸ் எண் வைக்க ஒரு ஃபீல்டு பெரும்பாலான இஆர்பியில் இருக்கும், இன்வாய்ஸ் போடும்போதே சாவியை அதில் எழுதிவிடுங்கள். ஏபிஐ ஐடம்பொட்டன்சி கீ (மறுபடி வந்த அழைப்பை அடையாளம் காணும் சாவி) ஏற்றுக்கொள்ளுமானால் இன்னும் நல்லது, ஆனால் எத்தனை நாள் நினைவில் வைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே விழுந்த டூப்ளிகேட் இன்வாய்ஸ்களை ஒரு எஸ்கியூஎல் போட்டு அழிக்க யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். கணக்கில் விழுந்தது கணக்கு வழியாகத்தான் ரத்தாக வேண்டும், கிரெடிட் நோட் போட்டு. அழித்தால் எண் வரிசையில் ஓட்டை விழும், ஆடிட்டில் அதற்குப் பதில் சொல்வது உங்கள் தலையில்.

இணைப்புத்தலை:

அனைவருக்கும் நன்றி. கோடைத் தேடியதில் 30 விநாடி டைம்அவுட், அதன் பின் உடனே இன்னொரு அழைப்பு. @வரிசைக்காரன் சொன்னபடியே. இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன், பிளாட்ஃபார்ம்? மேலிடத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய கோடு:

என் கருத்து: இந்தப் பிரச்சினைக்காக வாங்காதீர்கள். அந்த பிளாட்ஃபார்மும் இஆர்பியை இதே ஏபிஐ வழியாகத்தான் கூப்பிடும், இதே டைம்அவுட் ஆகும், அதே "தெரியாது" வரும். சாவி எது என்று அதற்கு நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். மைக்ரோசர்வீஸாக உடைப்பதும் அப்படியே, இன்று ஒரு டிரான்சாக்ஷனுக்குள் இருப்பதை நாலு நெட்வொர்க் அழைப்பாக ஆக்கி, இதே ஓட்டையை நாலு இடத்தில் போடுவீர்கள்.

வேறு காரணத்துக்காக வாங்கலாம். ஆறு சிஸ்டம் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் பேசினால் 15 இணைப்பு, பத்து சிஸ்டம் ஆனால் 45. நிஜத்தில் எல்லாமே எல்லாவற்றோடும் பேசாது, அதனால் ஒரு தாளில் உண்மையில் ஓடும் கோடுகளை வரையுங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் யார் பொறுப்பு, ராத்திரி உடைந்தால் யாருக்கு போன் போகும் என்று எழுதுங்கள். பேர் எழுத முடியாத கோடு நிறைய இருந்தால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு பிளாட்ஃபார்ம் உதவும். அதைவிட முக்கியமாக, வாடிக்கையாளர் முகவரி மாறினால் எந்த சிஸ்டம் சொல்வது உண்மை, மற்றவை எல்லாம் நகல் என்று முடிவு செய்துவிட்டீர்களா? அதைச் செய்யாமல் வாங்கினால் குழப்பம் வேகமாகப் பயணிக்கும், அவ்வளவே.

வெண்டரிடம் டெமோ கேட்காதீர்கள், இதைக் கேளுங்கள்: தோற்றுப்போன ஒரே ஒரு மெசேஜை மட்டும் எடுத்து, திருத்தி, மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபீல்டு மேப்பிங்கை கிட்டில் (Git, கோடின் பதிப்புகளைக் காக்கும் கருவி) வைத்து டெவலப்மென்டிலிருந்து புரொடக்ஷனுக்கு எப்படி நகர்த்துவது, மெசேஜ் எண்ணிக்கைக்குப் பணம் என்றால் ரீட்ரையும் அதில் சேருமா, ஒப்பந்தம் முடிந்து வெளியேறும்போது நாங்கள் கட்டிய ஃப்ளோக்கள் எந்த வடிவத்தில் கைக்கு வரும். கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலைப் பார்த்தே பாதி முடிவு செய்துவிடலாம்.

மூன்றாம் ஷிஃப்ட்:

குறுக்கே ஒரு யோசனை, இஆர்பியின் டேபிளையே நேராகப் படித்து ஒப்பிட்டுக்கொண்டால் இவ்வளவு சுற்று தேவையா?

கணக்குப் பக்கம்:

அது அவர்கள் உள்வீட்டு விஷயம், அடுத்த அப்கிரேடில் டேபிளின் ஒரு நெடுவரிசையின் பேர் மாறினால் சொல்லிக்கொண்டு மாறாது. ஏபிஐ அல்லது எக்ஸ்போர்ட் வழியாக எடுங்கள். ஆனால் ஒப்பிடும் யோசனை சரியானது: தினமும் ராத்திரி ஒரு ஜாப், கிளம்பிய டெஸ்பாட்ச் சாவிகள் ஒரு பக்கம், இன்வாய்ஸில் உள்ள சாவிகள் மறுபக்கம், வித்தியாசம் பில்லிங் டீமுக்கு மெயில். அவுட்பாக்ஸ் தயாராகும் முன்பே இதைப் போட்டுவிடலாம், காணாமல் போனதை வாடிக்கையாளர் சொல்லி நாம் தெரிந்துகொள்ளும் நிலை இதிலேயே போய்விடும்.

இணைப்புத்தலை:

சரி, வரிசை இப்படி வைத்திருக்கிறேன்: போல் அளவைக் குறைப்பது இன்றே, ராத்திரி ஒப்பீடு இந்த வாரம், சாவி டேபிளும் டைம்அவுட் திருத்தமும் அடுத்த மாதக் கடைசிக்கு முன், அவுட்பாக்ஸ் அதற்குப் பின். பிளாட்ஃபார்ம் முடிவு கோடுகளை வரைந்த பிறகு என்று எழுதிக் கொடுக்கிறேன். மாதக் கடைசிவரை காத்திராமல் இதை டெஸ்டில் எப்படி நிரூபிப்பது?

வரிசைக்காரன்:

இஆர்பிக்குப் பதிலாக ஒரு டம்மி சர்வர் வையுங்கள். ஒரு தடவை அது இன்வாய்ஸைப் போட்டுவிட்டு, 40 விநாடி தூங்கி, அப்புறம் பதில் தரட்டும், உங்கள் 30 விநாடி டைம்அவுட் அதில் அடிவாங்கும். இன்னொரு தடவை பேட்ச் நடுவில் கன்சூமரை கில் மைனஸ் 9 போட்டுக் கொல்லுங்கள். மூன்றாவது, டெஸ்டில் மட்டும் மேக்ஸ்.போல்.இன்டர்வலை 10 விநாடியாகக் குறைத்து இரண்டு கன்சூமரை ஓடவிடுங்கள். மூன்றிலும் டம்மி சர்வரில் ஒரு சாவிக்கு ஒரு இன்வாய்ஸ்தான் இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் லாக்கை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.