பிச்சிப்பூ வாசனைக்கு மாறுகிற முடிவு என்ன முடிவு?

ரப்பர்த்தோட்டம்:
களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு, எலிகளின் நடத்தையை வைத்து மூளையை ஆராயும் ஆய்வகத்துக்குப் போய்வரும் தங்கச்சி நேற்று இங்கே எழுதியிருந்தார். ஜூனியர் பெண் ஒருத்தி தலையில் தோவாளைப் பிச்சிப்பூவோடு வந்துவிட்டாளாம். அன்றைக்குச் சோதித்த 12 சுண்டெலிகளின் கணக்கையும் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். இதை நம்பித்தான் மனுஷனுக்குப் பதற்ற மாத்திரையா?

பாறசாலை பஸ்:
அண்ணாச்சி, வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தரையிலிருந்து உயரத்தில், கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை. இரண்டு கைக்குச் சுவர் உண்டு, இரண்டு கை வெட்டவெளி. சுண்டெலியை நடுவில் விட்டு 5 நிமிடம் பார்ப்போம். சுவர்ப் பக்கமே பதுங்கிக் கிடந்தால் பயம் அதிகம். திறந்த பக்கம் மூக்கை நீட்டி, மெல்ல ஒரு காலை வைத்தால் குறைவு. ஒன்று முடிந்ததும் மேடையை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மறந்தால் முந்தியதன் மூத்திர வாடையை மோந்துகொண்டே அடுத்தது நின்றுவிடும். அதற்கு உலகமே மூக்கு வழியாகத்தான். ஆண் ஆராய்ச்சியாளர் பக்கத்தில் இருந்தாலே எலிகள் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்று 2014-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டார்கள். ஆள்கூட வேண்டாம், ஆண் போட்ட சட்டை போதும். (இதைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் பையன்கள் என்னைக் கண்டால் சட்டையை மோந்து காட்டுகிறார்கள்.)

ரப்பர்த்தோட்டம்:
நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். 1999-இல் போர்ட்லண்ட், ஆல்பனி, எட்மன்டன் என்று மூன்று ஊர் ஆய்வகங்களில் ஒரே எலி இனங்கள், ஒரே கருவி, ஒரே முறை வைத்தும் முடிவுகள் ஒத்துப்போகவில்லையே? நானும் கொஞ்சம் படித்தவன்தான்.

பாறசாலை பஸ்:
அதில் பாதியை விட்டுவிட்டீர்கள். இனத்துக்கு இனம் பெரிதாக இருந்த வித்தியாசம் மூன்று ஊரிலும் நின்றது. சாராயத்தை விரும்பிக் குடிக்கிற இனம் எங்கே வைத்தாலும் குடித்தது. சின்ன வித்தியாசங்கள்தான் ஆடின. எதற்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்று நாங்கள் குலுக்கிப் போடுவது அதனால்தான். எண்ணுகிறவருக்கு அது தெரியாது. பூ வாசனை வந்தாலும் இரண்டு குழுவுக்கும் சமமாக வரும்.

மார்த்தாண்டம் தேன்:
சமமாக வரும் என்றால் 12-ஐ ஏன் ஒதுக்கினீர்கள்? மாட்டிக்கொண்டீர்களே!

பாறசாலை பஸ்:
நல்ல கேள்வி. அன்றைக்கு ஒன்றுகூடத் திறந்த பக்கம் வரவில்லை. இரண்டு குழுவும் பூஜ்யம் என்றால் மருந்தைப் பற்றி என்ன சொல்வது? அதோடு, எது மருந்து எலி என்று குறியீட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே ஒதுக்கிவிட்டோம். பார்த்த பிறகு ஒதுக்கியிருந்தால் நீங்கள் திட்டுவது நியாயம்.

ரப்பர்த்தோட்டம்:
அது சரி. அப்புறம் அந்தத் தண்ணீர்ச் சோதனை? எலியைக் குடுவையில் போட்டு, நீந்தாமல் மிதந்தால் மனச்சோர்வு என்று 1977-இலிருந்து சொல்கிறீர்கள். குளத்தில் மல்லாந்து கிடக்கிற எங்கள் ஊர்ப் பையனுக்கும் மனச்சோர்வா?

பாறசாலை பஸ்:
இதில் நான் உங்கள் கட்சி. அசையாமல் மிதந்தால் தெம்பு மிஞ்சும் என்று எலி கற்றுக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர்களே வாதாடுகிறார்கள். நான் அந்தச் சோதனையை விட்டாயிற்று.

மார்த்தாண்டம் தேன்:
ஞாயிற்றுக்கிழமை எலிக்குத் தீனி யார் போடுவது?

பாறசாலை பஸ்:
முறை வைத்து. இந்த வாரம் நான்தான். காலை ஆறரை பஸ், பூ இல்லாமல்.