பாப்கேட்: செல்ஃப் எடுக்கலை, ஆர்ம் தூக்கலை

நின்ற இடத்திலேயே திரும்பி மண் அள்ளுற சின்ன வண்டியை ஸ்கிட் ஸ்டியர் லோடர்னு சொன்னா சைட்டில் பாதிப் பேருக்குப் புரியாது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் நமக்கு அது பாப்கேட்தான். புகாரும் பெரும்பாலும் ரெண்டே ரெண்டு. சாவி திருப்பினா செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்கலை. இல்லைன்னா, இன்ஜின் ஓடுது, ஆனா ஆர்மும் (பக்கெட்டைத் தூக்கும் கை) தூக்கலை, சக்கரமும் நகரலை. உடனே செல்ஃப் மோட்டாரையோ பம்ப்பையோ கழற்றி வைத்துவிட்டு, அப்புறம்தான் ஒயரைத் தேடுறாங்க. நீங்களும் பார்த்த கேஸ்களை அளவோடு எழுதிவையுங்க: எத்தனை வோல்ட், எத்தனை பார் (பிரஷர் அளவு), கடைசியில் எது காரணம்.

*

செல்ஃப் பக்கம் முதலில். "டெக்"குன்னு ஒரு சத்தம் வந்து நின்றுபோனால் மல்டிமீட்டரை பேட்டரி முனையிலேயே வையுங்க. ஓய்வில் 12.6 வோல்ட் இருக்கணும். சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால், பேட்டரி தளர்ந்திருக்கு, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்குது. 12 பக்கத்திலேயே நின்றால் பேட்டரியில் குறை இல்லை, வழியில் எங்கேயோ தடை.

அந்தத் தடையைக் கண்டுபிடிக்க, செல்ஃப் அடிக்கும்போதே பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே அளக்கணும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ லக்கோ (கேபிள் முனைக் கொக்கி) கெட்டது. அடுத்து பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே. இங்கே 0.3 தாண்டக் கூடாது. இந்த வண்டிகளில் அதிகம் மாட்டுவது இந்த ரெண்டாவது இடம்தான். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் எர்த் ஸ்ட்ராப் ஒன்றுதான் கரண்ட் திரும்பும் வழி. அது துருப்பிடித்தால் கரண்ட் வேறு வழி தேடும். செல்ஃப் அடித்ததும் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்க. சுட்டதுன்னா சந்தேகமே வேண்டாம், எர்த் போயிருக்கு.

சத்தமே இல்லையா? செல்ஃப் சோலனாய்டின் (கரண்ட் வந்தால் காந்தமாகி இழுக்கும் காயில்) சின்ன முனையில் டெஸ்ட் லேம்ப் வையுங்க. சாவி திருப்பும்போது எரிந்தால் சோலனாய்டோ மோட்டாரோ. எரியலைன்னா ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச், அப்புறம் சீட் பார் லாக் (சீட்டில் உட்கார்ந்து மடிக்கு முன்னால் இறக்கும் கம்பியின் பூட்டு). சில மாடலில் ஆள் சீட்டில் உட்கார்ந்து பாரை இறக்கினால்தான் செல்ஃபே எடுக்கும். சிலதில் செல்ஃப் எடுக்கும், ஹைட்ராலிக் மட்டும் பூட்டியிருக்கும். உங்க மாடல் எதுன்னு புக்கில் பார்த்துக்கோங்க. பின்கதவைத் திறந்து நின்று ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ணுவது மட்டும் வேண்டாம். டிரைவ் நியூட்ரலில் இல்லாவிட்டால் வண்டி பின்னால் நிற்கிற ஆள் மேலேயே ஏறும்.

*

செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்கலைன்னா சைலன்சரைப் பாருங்க. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகுது, எரியலை. குபோட்டா வி2203 மாதிரி முன்னறை (டீசல் முதலில் எரியத் தொடங்கும் சின்ன அறை) வைத்த இன்ஜினுக்கு நம்ம ஊர் மார்கழிக் காலையிலேயே ஹீட்டர் பிளக் (அந்த அறையைச் சூடாக்கும் பிளக்) வேணும். மேலே எல்லாத்தையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் தனியா அளங்க. ஏறக்குறைய 1 ஓம் காட்டணும். மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் அந்தப் பிளக் எரிந்துபோச்சு. பட்டையோடு அளந்தால் ஒன்று நல்லா இருந்தாலே எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி ஏமாத்தும். ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீங்க. சூடான பிளக் அதைப் பத்தவைத்து பிஸ்டனை உடைக்கும்.

புகையே இல்லைன்னா டீசல் வரலை. முதல் சந்தேகம் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலனாய்டு. மூணு ஒயர் வரும் வகையில் உள்ளே ரெண்டு காயில்: ஒன்று இழுக்க, ஒன்று பிடித்துவைக்க. இழுக்கிறது முப்பது ஆம்பியருக்கு மேல் வாங்கும், ஒரு நொடியில் கட் ஆகணும். பிடிக்கிறது ஒரு ஆம்பியர் அளவுதான். ராடு முழுசா உள்ளே போய் உட்காராவிட்டாலோ, டைமர் கட் பண்ணாவிட்டாலோ இழுக்கும் காயில் கருகிடும். அதனால் புது சோலனாய்டு போட்டு ரெண்டே நாளில் மறுபடி எரிந்தால் கடைக்காரரைத் திட்டாதீங்க, ராடோடு சேரும் லிங்க் அசையாமல் மாட்டியிருக்கான்னு பாருங்க. சாவியை விட்டதும் இன்ஜின் அணைந்தால் பிடிக்கும் காயில் பக்கம் தேடணும்.

ரெண்டு மூணு நிமிஷம் ஓடி நிற்கிற வண்டிக்கு டீசல் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்க. ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. அப்படியும் நின்றால் பம்ப்புக்கு முன்னால் ஒரு அடி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் போடுங்க. குமிழி ஓடினால் உறிஞ்சும் பக்கம் விரிசல். அங்கே டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கண்ணில் படாது. செல்ஃபை ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிஷம் விடுங்க.

*

ஹைட்ராலிக்குக்கு வருவோம். ஆர்ம் முழுசா கீழே, பக்கெட் தரையில் சமமா வைத்துவிட்டு ஆயில் பாருங்க. தூக்கி வைத்துப் பார்த்தால் குறைவாத்தான் தெரியும், அதை நம்பி ஊத்திடுவாங்க. நுரை இருந்தால் காற்று இழுக்குது, பால் மாதிரி இருந்தால் தண்ணீர்.

ஆர்மும் டிரைவும் சேர்ந்து செத்திருந்தால் அது ரெண்டுக்கும் பொதுவான இடம். இன்ஜின் ஆஃப், சாவி ஆன், சீட்டில் உட்கார்ந்து பாரை இறக்குங்க (சில மாடலில் ஒரு பட்டனும் அழுத்தணும்). ஹைட்ராலிக்கைப் பூட்டித் திறக்கும் லாக் சோலனாய்டு "டக்"குன்னு விழும் சத்தம் கேட்கணும். கேட்காட்டி கனெக்டரில் 12 வோல்ட் வருதா, காயில் 6 முதல் 10 ஓம் இருக்கான்னு பாருங்க. மீட்டர் இல்லையா? காயில் நட்டின் மேல் ஸ்பேனர் முனையை வையுங்க, கரண்ட் வந்தால் காந்தமா இழுக்கும்.

சத்தம் கேட்குது, இன்னும் தூக்கலைன்னா பக்கெட்டைக் கடைசிவரை மடக்கி லீவரைப் பிடித்திருங்க. இன்ஜின் திணறணும். திணறினால் பம்ப் பிரஷர் கொடுக்குது, தடை வேறெங்கோ. துளியும் திணறலைன்னா ரிலீஃப் வால்வு (அளவுக்கு மீறின பிரஷரை வெளியே விடுவது) திறந்தபடி மாட்டியிருக்கு, அல்லது பம்ப் சுத்தவே இல்லை. பல பாப்கேட் மாடலில் பம்ப்பை ஓட்டுவது ஒரு பெல்ட். அது அறுந்தால் இன்ஜின் ராஜா மாதிரி ஓடும், வண்டி கல்லு மாதிரி நிற்கும். இதுக்கெல்லாம் அப்புறம்தான் பிரஷர் கேஜ். மெயின் ரிலீஃப் மாடலைப் பொறுத்து 180 முதல் 240 பார் வரை இருக்கும், சார்ஜ் பிரஷர் (டிரைவ் பம்ப்புக்கு ஆயில் ஊட்டும் பிரஷர்) பெரும்பாலும் 20 முதல் 25 பார். சார்ஜ் விழுந்தால் ரெண்டு பக்கச் சக்கரமும் சோரும். ஒரு பக்கம் மட்டும் சோர்ந்தால் முதலில் அந்தப் பக்க லீவர் லிங்க்கேஜ், அப்புறம்தான் மோட்டார்.

தூக்கின ஆர்ம் தானா இறங்குதுன்னா சிலிண்டர் சீலா, ஸ்பூலான்னு (வால்வுக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் தண்டு) பிரிக்கணும். ஆர்மை முழுசா இறக்கி, இன்ஜினை அணைத்து, ஒரு லிஃப்ட் சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸை மட்டும் மூடுங்க, சிலிண்டர் வாய் திறந்தே இருக்கட்டும். ஸ்டார்ட் பண்ணி ஆர்மைக் கீழே அழுத்துங்க. திறந்த வாயில் ஆயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போச்சு. அடுத்த சிலிண்டருக்கும் இதே மாதிரி. ரெண்டிலும் வரலைன்னா வால்வு. கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீங்க, ஒரு கார்ட்போர்டு அட்டையைப் பிடிங்க. அந்தப் பிரஷரில் வரும் ஆயில் தோலைத் துளைக்கும்.

*

மேலே சொன்ன லாக் விஷயத்துக்கு ஒரு சேர்ப்பு. தூத்துக்குடி மாதிரித் துறைமுகங்களில் கப்பல் ஹோல்டுக்குள்ளே (சரக்கு அறை) இறக்குற வண்டியில் யூரியா உரம் அள்ளினால், சீட் பார் சென்சார் கனெக்டரைத்தான் முதலில் கழற்றிப் பார்க்கணும். யூரியா ஈரத்தை உறிஞ்சி உட்கார்ந்து செம்பைப் பச்சையா அரிக்கும். வண்டி "சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் இல்லை"ங்கிற புகார் பாதி இதுதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ். ஒயரைப் பிணைத்து சீட் பாரை ஏமாத்தாதீங்க தம்பி. இறங்கும்போது கால் லீவரில் பட்டால் ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இருப்பது ஆள்தான்.

*

ஒன்று விட்டுப்போச்சு. பேட்டரி, எர்த் எல்லாம் சரி, ஆனாலும் செல்ஃப் பாரமா சுத்துதுன்னா ஆக்ஸிலரி லீவர் (பிரேக்கர் மாதிரிக் கூடுதல் கருவிக்கு ஆயில் விடுவது) லாக்கில் நிற்குதான்னு பாருங்க. பிரேக்கரின் (பாறை உடைக்கும் கருவி) கப்ளர், அதாவது ஹோஸ் இணைப்பு, பாதி மட்டும் உட்கார்ந்திருந்தால் ஆயில் எல்லாம் ரிலீஃப் வழியாத்தான் போகும், செல்ஃப் அந்தச் சுமையையும் சேர்த்துத் தள்ளணும்.

வெயிலில் கிடந்த பிரேக்கரின் கப்ளர் மாட்டவே மாட்டேங்கும். ஹோஸுக்குள் ஆயில் விரிந்து பிரஷர் கட்டியிருக்கு. சுத்தியல் எடுக்காதீங்க. வண்டிப் பக்கம்: இன்ஜின் ஆஃப், சாவி ஆன், ஆக்ஸிலரி ஸ்விட்சை ரெண்டு பக்கமும் சில தடவை அழுத்துங்க. பிரேக்கர் பக்கம்: கண்ணாடி போட்டு, துணி சுற்றி, ஹோஸ் நட்டை மெதுவா கால் சுற்று தளர்த்தினால் "உஸ்"ஸுன்னு இறங்கும். மறுபடி இறுக்கி, கப்ளர் முகத்தைத் துடைத்து மாட்டுங்க.