புதுப்பிப்பு: செங்குத்து ஏற்றத்துக்கு 28 பல் போதாது

சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 34, பின் பல்சக்கரத்தில் 28 பல் இருந்தால் எந்த ஏற்றத்தையும் சமாளிக்கலாம் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். திருத்திக்கொள்கிறேன். 10 சதவீத ஏற்றம் நீண்டுகொண்டே போனால் அது போதாது.

கணக்கு இதுதான். ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ, வேகம் மணிக்கு 8 கி.மீ. என்றால் 190 வாட்டுக்கு மேல் மிதிக்கணும். அந்த வேகத்தில் 34-28 கியரில் பெடல் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் சுற்றும், முட்டிக்குத்தான் அடி. பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்தில் 63 சுற்று. உழைப்பு அதேதான், ஒவ்வொரு மிதியிலும் விழும் பாரம் குறைகிறது.

கேசட்டை (பின் பல்சக்கரத் தொகுப்பை) மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். உங்கள் பின் டெரைலர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். அப்புறம் செயின் நீளம். டெரைலர் வழியாக விடாமல், முன் பெரிய பல்சக்கரம், பின் பெரிய பல்சக்கரம் இரண்டின் மேலும் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சேரும் இடத்திலிருந்து ஒரு அங்குலம், அதாவது இரண்டு கண்ணி, கூடுதலாக இருக்கணும். பழைய செயின் பெரும்பாலும் எட்டாது. குட்டைச் செயினோடு பெரியது-பெரியது கியருக்குப் போனால் டெரைலரே பிய்ந்து வரும். டெரைலரின் மேல் உருளை கேசட்டில் உரசினால், அந்த இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்க்ரூவை உள்ளே திருகுங்கள்.

இன்னொன்று: ஏற்றம் கடுக்கும் முன்பே கியரை இறக்குங்கள். முழு அழுத்தத்தில் மாற்றினால் செயின் வழுக்கும், சில நேரம் அறுந்தே போகும். வளைவில் உள்பக்கம்தான் செங்குத்து. எதிரே வண்டி வராதபோது, உங்கள் பக்கத்துக்குள்ளேயே கொஞ்சம் வெளியே தள்ளி ஓட்டுங்கள்.